காற்றில் கலந்து நிற்பவை: ஏரோசால் என்ற சொல்லும் காதங்கி வானும்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், மலைகள் சூழ்ந்த ஒரு தாழ்வான நிலத்தில் காதங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்துதான் வந்தது. கரும்பு, மாந்தோப்பு, நிலக்கடலை, கல் குவாரி என்று வழக்கமான ராயலசீமை வாழ்க்கை. அதற்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 375 மீட்டர் உயரத்தில், இந்திய விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. வளிமண்டலத்தின் மூன்று அடுக்குகளை ஆராயும் எம்.எஸ்.டி. ரேடாரின் நிலையமாக 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய இடம் இது. 2005இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மைதானத்தில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, காற்றின் அசைவிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்பது அவற்றின் வேலை.

காதங்கியின் பெயரைப் பலர் அறிந்தது இந்த ரேடாரால். நான் பேச வந்தது அதே வளாகத்தில் 1998இல் ஜப்பானின் தகவல்தொடர்பு ஆய்வகத்துடன் சேர்ந்து நிறுவப்பட்ட இன்னொரு கருவியைப் பற்றி. அதன் பெயர் லைடார். ரேடார் வானொலி அலையால் செய்வதை இது லேசர் ஒளியால் செய்கிறது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத் துடிப்புத் துடிப்பாக நேர் மேலே செலுத்துகிறார்கள். காற்றில் உள்ள எதன் மீதாவது பட்டுச் சிதறிக் கீழே வரும் ஒளியைத் தொலைநோக்கி சேகரிக்கிறது. 15 கிலோமீட்டர் உயரம் வரை போய்த் திரும்ப அந்த ஒளிக்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்தால் உயரம் தெரியும். திரும்பிய ஒளியின் வலிமையை அளந்தால் அந்த உயரத்தில் எவ்வளவு பொருள் மிதக்கிறது என்று தெரியும்.

அந்தப் பொருளுக்கு அறிவியல் வைத்த பெயர் ஏரோசால். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரிலிருந்து, தலைமுடியின் பருமனை எட்டும் நூறு மைக்ரான் வரை, காற்றில் மிதக்கும் திட, திரவத் துகள்கள் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். புழுதி, அடுப்புப் புகை, கடலுப்பு, மகரந்தம், எரிமலைக் கந்தகத்தின் துளி, மூச்சில் வெளியேறும் ஈரம் என எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அது துகளை மட்டும் குறிக்கவில்லை. அதன் பிறப்பை அறிந்தால் காதங்கியில் நடக்கும் ஆராய்ச்சியின் உட்பொருள் இன்னும் தெளிவாகப் புரியும் என்பது என் எண்ணம்.

கதை 1861இல் தொடங்குகிறது. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், பசை போன்ற பொருள்கள் நீரில் உப்பைப் போல முழுதாகக் கரைவதில்லை, மணலைப் போல அடியில் படிவதும் இல்லை என்று கண்டார். அந்த இடைநிலைக்கு, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கொலாய்டு என்று பெயரிட்டார். தமிழில் கூழ்மம் என்கிறோம். அடுத்த சில ஆண்டுகளில் அவரே, ஓடும் நிலையில் உள்ள கூழ்மத்தைக் குறிக்க, கரைசலுக்கான ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதியை வெட்டி எடுத்து ‘சால்’ என்ற குறுஞ்சொல்லை உருவாக்கினார். நீரில் துகள் கலந்து நின்றால் அது ஹைட்ரோசால். அந்த நீருக்குப் பதிலாகக் காற்றை வைத்தால் கிடைப்பது ஏரோசால்.

நீரை எடுத்துவிட்டுக் காற்றை வைக்கும் எண்ணம் வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. முதல் உலகப் போரின் நச்சுப்புகை ஆராய்ச்சிச் சூழலில், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் வேதியியலாளர் பிரெடரிக் ஜார்ஜ் டோனன் இச்சொல்லை முதலில் பயன்படுத்தியதாகக் கருதுகிறார்கள். டோனன் 1870இல் கொழும்பில் பிறந்தவர் என்பதை இலங்கை வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். 1920இல் மியூனிக்கைச் சேர்ந்த வானிலை அறிஞர் ஆகுஸ்ட் ஷ்மாவுஸ், மூடுபனி, மேகம், மழை ஆகியவற்றின் வேதியியல் பற்றிய தம் கட்டுரையில் இதே சொல்லை வானிலையியலுக்குள் கொண்டுவந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆல்பர்ட் வீகாண்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலின் பெயர், ‘வளிமண்டலம் ஒரு கூழ்மம்’ என்ற பொருள்படும். அந்தத் தலைப்பே ஒரு முழுக் கோட்பாடு. நம் தலைக்கு மேலே இருப்பதை வெறும் வாயு என்று அவர்கள் பார்க்கவில்லை. துகள்களும் வாயுவும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் ஒரே கலவையாக அதைப் பார்த்தார்கள்.

ஆக, ஏரோசால் என்பது துகள், காற்று இரண்டும் சேர்ந்த நிலையின் பெயர். இன்று அறிவியல் கட்டுரைகளில்கூட அது துகளுக்கு மட்டுமான பெயராகத் தேய்ந்துவிட்டது. தமிழில் வழங்கும் ‘தூசிப்படலம்’ என்ற கலைச்சொல்லிலும் அந்தத் தேய்மானம் தெரிகிறது. அதைக் கேட்டவுடன் மேசை மீது படிந்த புழுதி நினைவுக்கு வருகிறது. மிதக்காமல் படிந்துவிட்ட துகள் ஏரோசால் ஆகாது. காற்று தாங்கும் வரையில்தான் அந்தப் பெயர்.

காற்று எவ்வளவு நேரம் தாங்கும்? இதற்கு விடை துகளின் பருமனில் இருக்கிறது. அசையாத காற்றில் 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகள் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு நாளில் இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல். 1 மைக்ரான் துகள் ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் 3 மீட்டர்தான். பத்தில் ஒரு மைக்ரான் துகளோ ஒரு நாளில் ஒரு சாணில் பாதிகூட இறங்காது. அதைக் கீழே கொண்டுவர மழைதான் வேண்டும். அதற்கும் மிகச் சிறியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிச் சில மணி நேரத்தில் வளர்ந்துவிடுகின்றன. பெரியவை விழுந்துவிடுகின்றன. நடுவில் உள்ள பத்தில் ஒரு மைக்ரான் முதல் ஒரு மைக்ரான் வரையிலானவையே ஒரு வார அளவுக்கு வானில் தங்கி, நாடு விட்டு நாடு செல்கின்றன. காதங்கி லைடாரின் பச்சை ஒளியின் அலைநீளம் அரை மைக்ரானுக்குச் சற்று மேல். ஒளியின் அலைநீளமும் துகளின் பருமனும் நெருங்கி வரும்போது சிதறல் வலுவாக இருக்கும் என்பதை 1908இல் குஸ்டாவ் மீ கணித்துக் காட்டினார். அதனால்தான் காதங்கியில் இரண்டு ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று மீயின் பெயரால், துகள்கள் நிறைந்த கீழ்வானுக்கு. இன்னொன்று இயற்பியலாளர் ராலேயின் பெயரால், துகள்கள் ஏறக்குறைய இல்லாமல் போய் வாயு மூலக்கூறுகள் மட்டுமே ஒளியைச் சிதறடிக்கும் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வானுக்கு. ஏரோசால் எங்கே முடிகிறது என்பதை அந்த இரண்டு ஏற்பிகளின் வேலைப் பங்கீடே சொல்லிவிடுகிறது.

ஒளியின் பாதையில் துகளைப் பார்ப்பது மனிதனுக்குப் புதிதல்ல. இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1860களின் இறுதியில் இருட்டறைக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தி, காற்றில் மிதக்கும் பொருளை ஆராய்ந்தார். நம் பழைய நீட்டலளவை வாய்பாடுகளில் அணுவுக்கு அடுத்த படியாக வரும் அலகின் பெயரைப் பாருங்கள்: ஒரு வாய்பாட்டில் கதிர்த்துகள், இன்னொன்றில் தேர்த்துகள். எட்டு அணு கொண்டது ஒரு துகள். ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெயிலில் மிதப்பது முதலாவது, தேர் ஓடும்போது எழுவது இரண்டாவது. இதை வைத்து நம் முன்னோர் மைக்ரானை அளந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது. வாய்பாட்டுக்கு வாய்பாடு படிகளின் எண்ணிக்கை மாறுகிறது. துகளின் கணக்கும் அதற்கேற்ப மாறிவிடுகிறது. அளவீடாக அது நிற்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் கடைசி எல்லையை அந்த வாய்பாட்டைச் சொன்னவர்கள் காற்றில் மிதக்கும் பொருளில் கண்டிருக்கிறார்கள். துகள் எதனால் தெரிகிறது, எதனால் எழுகிறது என்பதைப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இந்தக் கூர்மை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏரோசாலுக்குத் தமிழ்ச்சொல் தேடுபவர்கள் படிந்த தூசியை விட்டுவிட்டு, இந்தக் கதிர்த்துகளின் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

மிதக்கும் துகள் இல்லாவிட்டால் மேகம் இல்லை. இதை 1875இல் பிரான்சின் கூலியேவும், சில ஆண்டுகளில் தனியாக ஸ்காட்லாந்தின் ஜான் எயிட்கனும் கண்டறிந்தார்கள். வடிகட்டிய தூய காற்றில் நீராவி தானாகத் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் நூறு சதவீதத்தைப் போலப் பல மடங்கு ஏற வேண்டும். ஒரு உப்புத் துகளோ கந்தகத் துளியோ பற்றுக்கோடாகக் கிடைத்துவிட்டால், நூறுக்கு மேல் ஒரு சதவீதம்கூடத் தேவையில்லை. மழை நிழலில் கிடக்கும் சித்தூர்ச் சீமைக்கு இது ஏட்டுச் செய்தி ஆகாது. துகள் மிகக் கூடிவிட்டாலும் சிக்கல் உண்டு. அதே அளவு நீர் நிறைய சிறு துளிகளாகப் பிரிந்து, ஒன்றுகூட விழும் பருமனை எட்டாமல் போகலாம். துகளின் தொகையும் ஈரமும் மேலெழும் காற்றின் வேகமும் சேர்ந்துதான் மழையைத் தீர்மானிக்கின்றன. துகளைத் தனியே எண்ணி வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் முதலில் நினைக்க வேண்டியவர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அவர், இந்திய வானிலைத் துறையில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களைக் கட்டி எழுப்பினார். வெயில் நிலத்தை அடைவதற்குள் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வானின் கலங்கலைக் கணக்கிடும் முறையை ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ரோம் வகுத்திருந்தார். அந்த முறையில் இந்திய வானின் கலங்கலை மதிப்பிட்டு மாணியும் உடன் பணியாற்றியவர்களும் 1969இல் ஆய்வு வெளியிட்டார்கள். காற்று மாசு என்ற பேச்சு நம் செய்தித்தாள்களில் பெரிதாக எழாத காலம் அது. 1980களில் திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் பல அலைநீளங்களில் வெயிலை அளக்கும் கருவிகளை உருவாக்கியது. அங்கிருந்துதான் நாடு தழுவிய ஏரோசால் கண்காணிப்பு வலையமைப்பு வளர்ந்தது.

பெயர் வைப்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை இந்தத் துறைக்குக் கற்றுக்கொடுத்தது இந்தியப் பெருங்கடல் ஆய்வு. 1999இன் தொடக்கத்தில் கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்களைக் கொண்டு நடந்த அந்தப் பன்னாட்டு ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். கடலின் மேலே சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிற மூட்டம் பரவியிருப்பதை அது காட்டியது. 2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை அதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று அழைத்தது. இந்திய விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். பெங்களூரின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே ஆண்டு ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் அந்தக் கூற்றுகளைக் கேள்விக்கு உள்ளாக்கி எழுதினார்கள். அந்த மூட்டம் ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை, ஆசியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. மேகம் என்று அழைத்தால் உண்மையான மேகத்தோடு குழப்பம் வரும். பிறகு ஆசியா என்ற முன்னொட்டு நீங்கி ‘வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்’ ஆயிற்று. எதிர்ப்பில் நாட்டுணர்வும் கலந்திருந்தது உண்மைதான். ஆனாலும் பருவத்தோடும் மழையோடும் வந்து போகும் ஒரு கலவையை நிலையான ஒரு பொருள்போலப் பெயரிட்டதுதான் பிழையின் வேர் என்று நான் நினைக்கிறேன். ‘மேகம்’ வாசகனின் மனதில் ஒரு போர்வையை விரித்துவிட்டது.

காதங்கியில் அந்தப் போர்வைக் கற்பனைக்கு இடமில்லை. அங்கே நாள்தோறும் தெரிவது கலவையின் ஏற்ற இறக்கம். புகைக்கரியை அளக்கும் ஏதலோமீட்டர் என்ற கருவி, காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளில் படியவைத்து, தாள் எவ்வளவு கருக்கிறது என்று பார்க்கிறது. கரி படியச் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1980களில் அதற்குப் பெயர் வந்தது. விறகடுப்பு, கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சும் உலை, லாரிப் புகை, கோடையில் சேஷாசலம் காட்டுத் தீ என்று கரிக்கு இந்தப் பகுதியில் பல வாய்கள். 2014 மார்ச்சில் திருமலைக் காடு பற்றி எரிந்ததைத் திருப்பதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கரியின் அளவு ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதில் காற்றுக்கும் பங்கு உண்டு. இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றுக்குக் கீழே மூடியிட்டதுபோல அடைபட்டுக் கிடக்கிறது. சுற்றிலும் மலை இருந்தால் பக்கவாட்டிலும் போக வழி குறைவு. விடிந்து வெயில் ஏறும்போது காற்று கிளறப்பட்டு, இரவில் மேலடுக்கில் தங்கியிருந்த புகையும் தரைக்கு வருகிறது. காலை அடுப்பும் போக்குவரத்தும் அதனுடன் சேர்கின்றன. அதனால் காலையில் ஓர் உச்சம். நண்பகலில் தரைக்காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை பொங்கிக் கலக்கும்போது அதே கரி பரந்து நீர்த்துவிடுகிறது. யாரும் அடுப்பை அணைத்ததால் வந்த குறைவு அது ஆகாது. மாலையில் மீண்டும் ஏற்றம். ஆக, தரையில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்ணைப் படிக்கும்போது, பாதி எரித்தவரைப் பற்றியும் பாதி காற்றைப் பற்றியும் படிக்கிறோம். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளுக்கு இந்தியா 2009இல் வகுத்த ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. இந்த இடைவெளியைப் பேசும்போது நுரையீரலை முதன்மையாக வைப்பது சரி. ஆனால் குளிர்காலக் காலையில் பிள்ளைகளை எத்தனை மணிக்கு விளையாட விடலாம் என்ற கேள்விக்கு, துகளைப் போலவே காற்றடுக்கும் பதில் வைத்திருக்கிறது.

இனி மேலே போவோம். 2011இல் ஜான்-பால் வெர்னியேவும் உடன் பணியாற்றியவர்களும் கலிப்சோ செயற்கைக்கோளின் லைடார் பதிவுகளில் ஒன்றைக் கண்டார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து சீனாவின் மேற்குப் பகுதி வரை, 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய துகள் அடுக்கு ஒன்று உருவாகிறது. பருவமழை துகளைக் கழுவிவிடும் என்றே அதுவரை எல்லோரும் கற்றிருந்தோம். இதுவோ மழைக்காலத்திலேயே, மழை மேகங்களின் உச்சியிலேயே தோன்றுகிறது. அதை நேரில் தொட்டுப் பார்க்க 2014 முதல் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து பலூன்களை ஏவின. பெரிய பலூன்கள் ஐதராபாத்தில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து போயின. காதங்கியிலிருந்தும் பலூன்கள் ஏறின. காதங்கியின் இருப்பிடம் இதற்கு வாய்ப்பானது. மழைக்காலத்தில் திபெத்தை ஒட்டி மேல்வானில் சுழலும் பெரும் காற்றுச் சுழலின் தெற்கு விளிம்பில், இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1950களில் அடையாளம் கண்ட வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக் காற்று, ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. எம்.எஸ்.டி. ரேடார் அந்தக் காற்றை அளக்கும்; பலூனும் லைடாரும் அதில் உள்ள துகளைப் பார்க்கும். ஷ்மாவுஸ் சொன்ன கலவையின் இரு பாதிகளும் ஒரே வளாகத்தில் அளக்கப்படுகின்றன.

பலூன்கள் கொண்டுவந்த மாதிரிகளில் கந்தகம் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மேலோங்கி நின்றது நைட்ரேட். 2019இல் ஹோப்ஃப்னர் குழு, செயற்கைக்கோள், விமான அளவீடுகளைக் கொண்டு, அந்த அடுக்கில் அம்மோனியம் நைட்ரேட் துகள்கள் இருப்பதை உறுதிசெய்தது. அம்மோனியா எங்கிருந்து வருகிறது? வயலில் போடும் யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும். நீரில் எளிதில் கரையும் அந்த வாயு, மழை மேகத்தின் வழியே ஏறும்போது முழுதாகக் கரைந்து விழுந்துவிடாமல் ஒரு பங்கு தப்பி, 16 கிலோமீட்டர் உயரக் குளிரில் உப்புத் துகளாகிறது. பயிருக்கு இட்ட உரத்தின் ஒரு பகுதி அடுக்குமண்டலத்தின் வாசலில் மிதக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையின் மிக வியப்பான செய்தி.

இதையே 1991இன் பினாடுபோ எரிமலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரே வெடிப்பில் ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் கந்தக டைஆக்சைடை அடுக்குமண்டலத்துக்குள் தள்ளி, உலகின் சராசரி வெப்பத்தை அடுத்த ஆண்டில் அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது. ஒரே எரிமலை செய்த காரியம் அது. ஆசியப் பருவமழையோ எந்த வெடிப்பும் இல்லாமல், ஒவ்வோர் ஆடி ஆவணியிலும் கோடிக்கணக்கான அடுப்பு, வயல், தொழுவங்களின் துகளை அதே வாசலுக்குத் தூக்கிச் செல்கிறது. மிக மெல்லிய அளவில்தான் என்றாலும், ஆண்டு தவறாமல்.

இந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு வாழ்க்கைகளும் உண்டு. 1940களில் கொசு மருந்துப் புட்டியிலிருந்து வந்து, பின்னர் வாசனைத் தெளிப்பானுக்கு ஆகுபெயரான ஏரோசால் ஒன்று. ஓசோனைக் கெடுத்தது அந்தப் புட்டிகளில் உந்துவாயுவாக இருந்த குளோரோபுளோரோகார்பன். துகள் அந்தக் குற்றத்துக்கு ஆளானது பெயர் ஒற்றுமையால். மற்றொன்று கொரோனா காலத்தில் நம் வீட்டுக்குள் வந்தது. 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி விழுந்துவிடும், அதற்குக் கீழ்ப்பட்டதே மிதக்கும் என்ற பழைய பிரிவினையைப் பிடித்துக்கொண்டு மருத்துவ உலகம் நீண்ட காலம் தயங்கியது. லிடியா மொராவ்ஸ்கா, லின்சே மார் போன்ற ஏரோசால் ஆய்வாளர்கள், மிதப்பதற்கு அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது, அறையின் காற்றோட்டம், ஈரம், வெப்பம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, இரண்டையும் ‘தொற்றும் சுவாசத் துகள்கள்’ என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள் என்ற எளிய அறிவுரை உரக்க வந்து சேரத் தாமதமானதற்கு, துகளை மட்டும் பார்த்துக் காற்றைப் பார்க்காத அந்தப் பழக்கமும் ஒரு காரணம். டோனனும் ஷ்மாவுஸும் அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள்தான் வைத்திருந்தார்கள்.